தில்லி வானைக் கடந்த எரிமலை மேகம்: பிடித்துப் பார்த்தால்தான் தெரியும் துகளின் பூர்விகம்

புது தில்லி: எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹைலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23-ஆம் தேதி வெடித்தது. மனிதர்கள் எழுதி வைத்த வரலாற்றில் அந்த எரிமலை வெடித்ததாகக் குறிப்பே இல்லை. சுமார் 14 கி.மீ. உயரம் வரை எழும்பிய சாம்பலும் புகையும் செங்கடலைத் தாண்டி, யேமன், ஓமன் நாடுகளின் மேலாக நகர்ந்தன. மறுநாள் இரவு குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் வழியாகத் தில்லி வானை எட்டின. சுமார் 4,000 கி.மீ. தொலைவைக் கடக்க அந்த மேகத்துக்கு இரண்டு நாள்கள்கூடத் தேவைப்படவில்லை.

சாம்பல் பரவியுள்ள உயரங்களையும் தடங்களையும் தவிர்க்குமாறு விமான நிறுவனங்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவுறுத்தியது. சில விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. ஏற்கெனவே அந்தத் தடத்தில் பறந்துவிட்டு வந்த விமானங்களின் என்ஜின்கள் சோதிக்கப்பட்டன. நவம்பர் மாதப் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த தலைநகர மக்களுக்கோ வேறொரு கவலை: இந்தச் சாம்பலும் சேர்ந்து இறங்கிவிடுமோ? மேகம் பல கி.மீ. உயரத்தில் செல்வதால் தரைமட்டக் காற்றுக்குப் பாதிப்பில்லை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை விளக்கம் அளித்தது. அடுத்த நாளே மேகம் சீனாவை நோக்கி நகர்ந்துவிட்டது.

மேகம் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்பதைச் செயற்கைக்கோள்கள் மணிக்கு மணி சொல்லிவிட்டன. ஆனால், அதற்குள் இருந்த ஒவ்வொரு துகளும் எதனால் ஆனது? கண்ணாடிச் சில்லா, அமிலத் துளியா, உப்பா? விமானத்தின் என்ஜினுக்கும், பூமியின் வெப்பநிலைக்கும், ஓசோன் படலத்துக்கும், பருவமழைக்கும் இந்தக் கேள்வியே முக்கியமானது. இதற்கு முழுமையான பதிலை எட்ட நின்று பார்த்துப் பெற இயலாது. மேலே சென்று, துகளைப் பிடித்து, கீழே கொண்டுவந்து ஆய்வகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடந்த 60 ஆண்டுகளுக்கும் மேலாக உலக நாடுகள் பலவற்றின் விஞ்ஞானிகள் செய்துவரும் பணி இது. ஹைதராபாதில் இருந்து பறந்த பலூன்களுக்கும் இதில் இடம் உண்டு.

சாம்பல் வேறு, அமிலம் வேறு

எரிமலை வெடிக்கும்போது இரண்டு வகைப் பொருள்கள் மேலே செல்கின்றன. ஒன்று சாம்பல். விறகுச் சாம்பலைப் போல இது எரிந்து மிஞ்சியது அன்று. உருகிய பாறை நொடிப்பொழுதில் குளிர்ந்து, பொடிப்பொடியாகச் சிதறிய சிலிக்கேட் கண்ணாடி. கூர்மையான விளிம்புகளைக் கொண்டது. கனமாக இருப்பதால் பெரும்பகுதி சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் கீழே இறங்கிவிடும்.

மற்றொன்று வாயுக்கள். அவற்றுள் முக்கியமானது கந்தக டை ஆக்சைடு. வானிலை மாற்றங்கள் நிகழும் கீழ் வளிமண்டலத்தைத் தாண்டி, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்தை இந்த வாயு அடைந்துவிட்டால் கதை நீளும். வெப்ப மண்டல நாடுகளில் இந்த எல்லை சுமார் 16 முதல் 17 கி.மீ. உயரத்தில் உள்ளது. அங்கே மழை இல்லை. கழுவி இறக்க வழியில்லை. வாயு சில வாரங்களில் கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஓராண்டுக்கும் மேலாக மிதந்து, சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும்.

பிலிப்பின்ஸ் நாட்டின் பினடுபோ எரிமலை 1991 ஜூன் 15-ஆம் தேதி வெடித்தபோது ஒன்றரைக் கோடி முதல் 2 கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடு மேலே சென்றது. அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. அந்தக் குளிர்ச்சியை உண்டாக்கியது சாம்பல் அன்று, அமிலத் துளிகளே என்பது துகள்களை நேரடியாக ஆராய்ந்ததில் உறுதியானது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருந்து அனுப்பப்பட்ட பலூன் கருவிகளுக்குள் நுழைந்த காற்றைச் சூடாக்கியபோது, துகள்களில் மிகப் பெரும்பாலானவை ஆவியாகி மறைந்தன. பாறைத் தூளாக இருந்திருந்தால் அவை மறைந்திருக்கா. அத்துளிகளில் சுமார் முக்கால் பங்கு கந்தக அமிலம், கால் பங்கு நீர்.

உப்பு சொன்ன செய்தி

அடுக்கு மண்டலத்தில் கந்தகத் துகள்கள் நிலையாக மிதக்கின்றன என்பதை முதலில் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி கிறிஸ்டியன் யுங்கே. 1960-களின் தொடக்கத்தில் பலூன்களில் கருவிகளை அனுப்பி, சுமார் 20 கி.மீ. உயரத்தில் துகள்களைச் சேகரித்து ஆராய்ந்தார் அவர். அவற்றில் கந்தகமே மேலோங்கி இருந்தது. இன்றும் அந்த அடுக்கு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் அதன் மேகத்தில் இருந்து உயரப் பறக்கும் விமானம் கொண்டுவந்த மாதிரிகளில் எதிர்பாராத ஒன்று இருந்தது. சுமார் 2 மைக்ரான் அளவுள்ள உப்புப் படிகங்கள். சமையலறையில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான். குளோரின் மிகுந்த பாறைக் குழம்பில் இருந்து அது வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். உப்பும் கந்தக அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும் என்பது பள்ளி மாணவர்களும் அறிந்த வேதிவினை. அந்த மேகத்தில் ஹைட்ரஜன் குளோரைடு அதிகரித்திருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என அவர்கள் விளக்கினர். ஓசோனைச் சிதைக்கும் வேதிவினைகளோடு தொடர்புடையது குளோரின் என்பதால், ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு சொன்ன செய்தி பெரியதாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

துகளின் தன்மையை அறியாமல் பறந்ததன் விலையை விமானத் துறை பலமுறை கொடுத்துள்ளது. 1982 ஜூன் 24-ஆம் தேதி கோலாலம்பூரில் இருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு என்ஜின்களும் நின்றன. 1989 டிசம்பர் 15-ஆம் தேதி அலாஸ்கா அருகே ரிடவுட் எரிமலைச் சாம்பலில் சிக்கிய கே.எல்.எம். விமானத்துக்கும் அதே கதி நேர்ந்தது. இரு விமானங்களிலும் என்ஜின்கள் மீண்டும் இயங்கி, பயணிகள் உயிர் தப்பினர்.

காரணம், துகளின் வேதியியலில் உள்ளது. சிலிக்கேட் கண்ணாடி சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். ஜெட் என்ஜினின் எரிகலனில் வெப்பம் அதைவிட அதிகம். உள்ளே சென்ற சாம்பல் உருகி, சற்றே குளிர்ந்த சுழலி இறக்கைகளில் ஒட்டிக்கொண்டு காற்றின் வழியை அடைத்துவிடும்.

2000 பிப்ரவரியில் நேர்ந்தது இன்னும் வியப்பானது. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் டி.சி.-8 ஆய்வு விமானம், கலிபோர்னியாவில் இருந்து ஸ்வீடனுக்குச் செல்லும் வழியில் ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலை மேகத்தை இரவில் கடந்தது. விமானிகள் எதையும் காணவில்லை. என்ஜின்களும் வழக்கம்போல் இயங்கின. விமானத்தில் இருந்த ஆய்வுக் கருவிகள் மட்டும் கந்தக டை ஆக்சைடும் துகள்களும் திடீரென உயர்ந்ததைப் பதிவு செய்தன. பின்னர் என்ஜின்களைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே சேதம் தெரிந்தது. பழுது நீக்கச் செலவான தொகை 32 லட்சம் டாலர். அந்த விமானத்தில் வேதியியல் கருவிகள் இல்லாதிருந்தால், தொடர்ந்து பறந்திருக்கும்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயாகுட் எரிமலையால் ஐரோப்பிய வான்வெளி பல நாள்கள் மூடப்பட்டு, சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தானபோதும் இதே பிரச்னையே எழுந்தது. எவ்வளவு சாம்பல் இருந்தால் பறக்கலாம்? கணினிக் கணிப்பு மட்டும் போதவில்லை. ஜெர்மனியின் ஃபால்கன் ஆய்வு விமானம் மேகத்துக்குள் சென்று அளந்து வந்தது.

துகளைப் பிடிப்பது எப்படி?

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணி, நடைமுறையில் பொறுமையைச் சோதிப்பது. காற்றைப் பம்பு மூலம் சிறு துளை வழியாக வேகமாக இழுத்து, எதிரே ஒரு தட்டை வைக்கின்றனர். காற்று சட்டென வளைந்து சென்றுவிடும். கனமான துகள் வளைய இயலாமல் தட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். துளைகளைப் படிப்படியாகச் சிறிதாக்கினால் பெரிய துகள், சிறிய துகள் எனத் தரம் பிரித்துவிடலாம். வடிதாள் வழியாகக் காற்றை இழுப்பது மற்றொரு முறை.

தட்டில் ஒட்டிய துகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் அதன் வடிவம் தெரியும். அப்போது வெளிப்படும் எக்ஸ் கதிர்கள் எந்தெந்தத் தனிமங்கள் உள்ளன என்பதைக் காட்டிக்கொடுக்கும். வடிதாளைத் தூய நீரில் ஊறவைத்து, கரைந்த அயனிகளைப் பிரித்தால் சல்பேட் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, அமோனியம் எவ்வளவு என்பது கணக்காகக் கிடைக்கும்.

அளவுதான் சிக்கல். அந்த உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் கிடைப்பது சில பத்து நானோகிராம்களே. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. விரல் பட்டால் ஒட்டும் வியர்வை உப்பு அதைவிட அதிகம். எனவே, பயன்படுத்தாத வடிதாள்களையும் அதே முறையில் சோதித்து, அவற்றில் இருப்பதைக் கழித்துப் பார்த்த பிறகே முடிவு அறிவிக்கப்படுகிறது.

சென்னைக்கு வந்த பறக்கும் ஆய்வகம்

இத்தகைய ஆய்வுக்குத் தனி விமானம் வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிலையம் முன்னின்று நடத்திய 'காரிபிக்' திட்டத்தில், லுஃப்தான்சா நிறுவனத்தின் ஏ340-600 பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் சுமார் ஒன்றரை டன் எடையுள்ள ஆய்வுப் பெட்டகம் வைக்கப்பட்டது. 2008 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இந்த விமானம் ஃப்ராங்க்ஃபர்ட்-சென்னை தடத்தில் ஆய்வுப் பெட்டகத்துடன் பறந்து, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேலெழும் காற்றை அளந்தது. தங்கள் இருக்கைக்குக் கீழே ஓர் ஆய்வகம் இயங்கியதைச் சென்னைப் பயணிகளில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

அதே ஆண்டு ஆகஸ்டில் அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் உள்ள கசாடோச்சி எரிமலை வெடித்தது. ஒரு வாரத்தில் அதன் மேகம் ஐரோப்பிய வானில் இந்த விமானத்தின் கருவிகளில் சிக்கியது. தொடர்ந்து வந்த மாதங்களில் சேகரித்த துகள்கள் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் புரோட்டான் கற்றையைச் செலுத்தி ஆராயப்பட்டன. கந்தகத்தோடு கார்பனும் கணிசமாக இருப்பது அப்போது தெரியவந்தது. எரிமலைத் துகள் என்றால் கந்தக அமிலம் மட்டுமே என்று எளிமையாகக் கணக்கிடும் பருவநிலைக் கணிப்புகளுக்கு இது ஒரு திருத்தம்.

ஹைதராபாதில் இருந்து பறந்த பலூன்கள்

இந்தியாவில் இப்பணியின் தளம், ஹைதராபாதில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் மையம். பினடுபோ வெடிப்புக்குப் பிறகு ஆமதாபாதின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகள் இங்கிருந்து பலூன்களை அனுப்பி, எரிமலைத் துகள் அடுக்கின் உயரத்தையும் துகள்களின் அளவையும் அளந்தனர். சூரிய ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்துச் செய்த கணக்கு அது. வேதியியலை அறிய, துகளையே பிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கான தேவை விரைவில் வந்தது. ஆசியப் பருவமழைக் காலத்தில் இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளின் மேலே சுமார் 13 முதல் 18 கி.மீ. உயரத்தில் ஒரு துகள் அடுக்கு ஆண்டுதோறும் தோன்றுவது, செயற்கைக்கோள் தரவுகளில் இருந்து 2011-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், அஃபார் தாழ்நிலத்தின் எரித்ரியப் பகுதியில் உள்ள நாப்ரோ எரிமலை வெடித்து, பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான கந்தக டை ஆக்சைடை அனுப்பியது. அந்தக் கந்தகத்தை அடுக்கு மண்டலத்துக்குத் தூக்கியது பருவமழை மேகங்களா, எரிமலையின் சொந்த வேகமா என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரும் விவாதமே நடந்தது. பெரும்பாலும் செயற்கைக்கோள் தரவுகளையே வைத்து இரு தரப்பினரும் வாதிட்டனர்.

பருவமழைத் துகள் அடுக்கில் இருப்பது என்ன? நிலக்கரிப் புகையின் கந்தகமாகவே இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் நாசாவும் இணைந்து 2014 முதல் 2017 வரை கோடைக் காலங்களில் நடத்திய 'பட்டால்' ஆய்வில், ஹைதராபாத், திருப்பதி அருகே உள்ள காடங்கி, வாராணசி ஆகிய 3 இந்திய இடங்களில் இருந்தும் சவூதி அரேபியாவில் ஓர் இடத்தில் இருந்தும் 68 பலூன்கள் பறக்கவிடப்பட்டன. 50 கிலோ வரை எடையுள்ள கருவிகளை அவை சுமந்தன.

ஹைதராபாதில் இருந்து சென்ற பலூன் திரட்டி வந்த துகள்களை ஆராய்ந்தபோது கிடைத்த விடை பலரும் எதிர்பாராதது. ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 நானோகிராம் வரை நைட்ரேட் இருந்தது. சல்பேட்டோ, கருவியால் கண்டறியக்கூடிய அளவுக்கும் கீழே இருந்தது. வயல்களின் உரத்தில் இருந்தும் கால்நடைக் கழிவுகளில் இருந்தும் எழும் அமோனியா, பருவமழை மேகங்களால் தூக்கப்பட்டு, மேலே அமோனியம் நைட்ரேட்டாக உறைகிறது என்பதை 2019-இல் வெளியான மற்றொரு பன்னாட்டு ஆய்வும் காட்டியது. எட்ட இருந்து பார்த்தால் எரிமலைத் துகளும் வயல்வெளியில் இருந்து எழுந்த துகளும் ஒரே வெண்மங்கலாகவே தெரியும். எதற்கு யார் பொறுப்பு என்பதை வேதியியலே பிரித்துச் சொன்னது.

இத்தகைய பலூன் பயணங்களின் வெற்றி, கிராம மக்களின் கைகளிலும் உள்ளது. பணி முடிந்ததும் கருவிகள் பாராசூட் மூலம் எங்கோ ஒரு வயலில் இறங்கும். அவற்றைக் கண்டெடுப்பவர்கள் திறக்கவோ பிரிக்கவோ வேண்டாம், அருகில் உள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பலூன் மையம் ஒவ்வொரு முறையும் மக்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். ஆவலில் யாரேனும் பெட்டியைத் திறந்துவிட்டால், வானில் சேர்த்த சில நானோகிராம்கள் தரைத் தூசியில் கலந்து பாழாகிவிடும்.

புதிதாகச் சேர்ந்த உலோகம்

2022 ஜனவரி 15-ஆம் தேதி பசிபிக் கடலில் வெடித்த ஹுங்கா டோங்கா எரிமலை, பழைய கணக்குகளைப் புரட்டிப் போட்டது. அதன் மேகம் 57 கி.மீ. உயரத்தைத் தொட்டது. கந்தக டை ஆக்சைடு சுமார் 5 லட்சம் டன் அளவே. ஆனால், சுமார் 15 கோடி டன் நீராவி உடன் சென்றது. அந்த ஈரத்தால் கந்தக வாயு வழக்கத்தைவிட வேகமாகத் துகள்களாக மாறியது. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் இருந்து ஒரு வார அளவில் பலூன்களை அனுப்ப முடிந்ததால்தான் இந்த வேகத்தை நேரடியாக அளக்க முடிந்தது. ஆயத்தமாக இருந்தவர்களுக்கே அந்தத் தரவு கிடைத்தது.

2023-இல் அலாஸ்காவில் இருந்து பறந்த நாசா விமானம் மற்றொரு செய்தியைக் கொண்டுவந்தது. அடுக்கு மண்டலத்தின் கந்தக அமிலத் துகள்களில், அளவில் பெரியவற்றுள் சுமார் 10 சதவீதத்தில் அலுமினியம் உள்ளிட்ட உலோகங்கள் கலந்திருந்தன. அவை எரிமலையில் இருந்து வந்தவை அல்ல. பூமிக்குத் திரும்பும்போது எரிந்து ஆவியாகும் ராக்கெட் பாகங்கள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றில் இருந்து வந்தவை. விண்வெளித் துறையில் முன்னேறிவரும் இந்தியாவுக்கும் இது பொருந்தும் செய்தி.

பருவமழையோடு பிணைந்த கேள்வி

பினடுபோவைப் பார்த்து, செயற்கையாகவே கந்தகத்தை அடுக்கு மண்டலத்தில் தூவிப் புவி வெப்பத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை, நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சன் 2006-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலக அளவில் விவாதிக்கப்படுகிறது. ஆனால், பினடுபோ வெடித்த அடுத்த ஓராண்டில் உலகின் நிலப்பரப்புகளில் மழையும் ஆறுகளின் நீர்வரத்தும் கணிசமாகக் குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. குளிர்ச்சிக்குக் கொடுக்க வேண்டிய விலை மழையாக இருக்குமானால், தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கும் நாட்டுக்கு அது வெறும் ஆய்வக விவாதமாக இராது.

அந்த விவாதத்தில் ஆதாரத்தோடு பேச வேண்டுமெனில், இந்திய வானின் உயரே இப்போது மிதப்பவை யாவை, அவற்றில் எரிமலையின் பங்கு எவ்வளவு, உரத்தின் பங்கு எவ்வளவு, உலோகத்தின் பங்கு எவ்வளவு என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். அஃபார் நிலப்பகுதியில் இருந்து 2011-இல் ஒரு மேகம், 2025-இல் ஒரு மேகம் என 15 ஆண்டுகளுக்குள் இருமுறை எரிமலைப் புகை ஆசிய வானை எட்டியுள்ளது. அடுத்த மேகம் எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்க இயலாது. வந்தால் தங்குவது ஓரிரு நாள்களே என்பதை மட்டும் தில்லி பார்த்துவிட்டது. அந்த ஓரிரு நாள்களுக்குள் மேலே செல்லத் தயாராக ஒரு பலூனும், தூய வடிதாளும் காத்திருக்க வேண்டும்.